குப்பை பொறுக்கவோ டுபாய்க்குப் போனது?

(வளைகுடா நாடுகளில் படிக்கும் எம் பிள்ளைகளின் சமூக சேவை பற்றி எமது வானொலியில் ஆற்றிய உரையின் விரிவான எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன்னர் நேயர்களோடு உரையாடும் நேரத்தில் ஸ்காபரோவிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். குரலில் கோபம். "தம்பி, என்ர பேத்தி டுபாயில ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். போன சனிக்கிழமை பள்ளிக்கூடத்தால கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குப்பை பொறுக்க விட்டிருக்கினம். மகன் எவ்வளவு காசு கட்டிப் படிப்பிக்கிறான் தெரியுமோ? குப்பை பொறுக்கவோ அதுகள் டுபாய்க்குப் போனது?"

நிகழ்ச்சி முடிய நான்கு நிமிடங்களே இருந்தன. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்று இரவும் மறுநாளும் ஐந்தாறு பேர் இதே விடயமாக அழைத்துவிட்டார்கள். கட்டாரிலிருந்து இங்கு வரவிருக்கும் தங்கையின் மகனுக்கு அங்கே செய்த சேவை இங்கே கணக்கில் வருமா என்று ஒருவர் கேட்டார். சார்ஜாவில் இருக்கும் மருமகன் கிளிநொச்சியில் ஒரு பாடசாலைக்காகக் காசு சேர்க்கப் போகிறான், அதில் ஏதும் சிக்கல் உண்டா என்று இன்னொருவர் கேட்டார். ஆகவே இதை ஒரு முழு உரையாகச் செய்வதே நல்லது என்று பட்டது. நான் கல்வியாளன் அல்லன், கணக்காளன். 1997 முதல் 2018 வரை சார்ஜாவில் குடியிருந்து டுபாயில் வேலை செய்தேன். மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தாள். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கே கனடாவில் நாங்கள் அகதிகளாக வந்து குடியுரிமை பெற்றவர்கள். வளைகுடாவில் அப்படி ஒரு வாசலே கிடையாது. அங்குள்ள ஆறு அரபு நாடுகளில் ஒன்றுகூட 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தப்பி அங்கே போனவர்கள் எல்லோரும் வேலை விசாவில்தான் இருக்கிறார்கள். வேலை போனால் விசாவும் போகும். ஆகவே அங்கே வளரும் பிள்ளைக்கு அந்த நாடு சொந்த நாடும் இல்லை, பெற்றோரின் ஊர் தெரிந்த ஊரும் இல்லை. "எந்தச் சமூகத்துக்குச் சேவை?" என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்வது சுலபமல்ல. என் மகள் கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

பாடசாலைகள் இதை ஏன் செய்கின்றன என்றால், அவை பின்பற்றும் பாடத்திட்டங்கள் கேட்கின்றன. அங்குள்ள எம்மவரின் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தியப் பாடசாலைகளிலும் பிரித்தானியப் பாடசாலைகளிலும் படிக்கிறார்கள். மஸ்கட்டிலும் தோகாவிலும் இலங்கைப் பாடசாலைகளும் உண்டு. இந்திய மத்திய கல்விச் சபையின் பாடசாலைகளில் "சமூகப் பயனுள்ள ஆக்க வேலை" என்ற பாடம் 1970களின் பிற்பகுதியிலிருந்து இருக்கிறது. 1977 இல் ஈசுவர்பாய் பட்டேல் குழு செய்த பரிந்துரையில் வந்தது அது. காந்தியடிகளின் ஆதாரக் கல்வியின் சாயல் அதில் தெரியும். 2018 இல் அதே சபை உடற்கல்வியோடு சேர்த்து ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்கும் சேவைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரே "சேவா" என்றுதான் வைத்தார்கள்.

பிரித்தானிய வழிப் பாடசாலைகள் பலவற்றில் எடின்பரோ கோமகன் பெயரிலான சர்வதேச விருது இருக்கிறது. சில இந்தியப் பாடசாலைகளிலும் உண்டு. 1956 இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 14 வயதிலிருந்து 24 வயது வரை சேரலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகள். சேவைப் பகுதிக்கு வெண்கலத்தில் குறைந்தது 3 மாதம், வெள்ளியில் 6 மாதம், தங்கத்தில் 12 மாதம், வாரத்துக்குச் சராசரி ஒரு மணித்தியாலம். ஒரே நாளில் பத்து மணித்தியாலம் செய்து முடிக்க முடியாது. வாராவாரம் போகவேண்டும். சர்வதேச பக்கலோரியற் டிப்ளோமா படிக்கும் பிள்ளைகளுக்குச் சேவை கட்டாயம், அது நிறைவேறாவிட்டால் டிப்ளோமாவே கிடையாது. முன்பு அங்கே 150 மணித்தியாலம் என்று எண்ணினார்கள். பிறகு எண்ணுவதைக் கைவிட்டு, 18 மாதம் தொடர்ந்து ஈடுபட வேண்டும், அதில் ஒரு மாதமாவது நீடிக்கும் ஒரு செயற்றிட்டம் இருக்க வேண்டும், என்ன கற்றாய் என்று எழுதிக் காட்ட வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

ஏன் மாற்றினார்கள் என்று ஒரு கணக்காளனைக் கேட்டால் உடனே சொல்வான். எண்ணக்கூடிய எதையும் பொய்யாகவும் எண்ணலாம்.

இதை நான் வெளியாரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அப்படிப் பொய்யாக எண்ணியவர்களில் நானும் ஒருவன்.

சார்ஜாவில் நாங்கள் இருந்த கட்டடத்தில் வெள்ளிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்து வந்தோம். அந்தக் காலத்தில் அங்கே விடுமுறை நாள் வெள்ளி. கட்டணம் கிடையாது. வீட்டு விறாந்தையில் பாய் விரித்து இருபது பிள்ளைகள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆளுக்கு நான்கு சிறியவர்களைப் பொறுப்பெடுப்பார்கள். என் மகளும் ஒருத்தி. வரவு எழுதும் கொப்பியும் அவள் பொறுப்பில் இருந்தது. என் நண்பர் ஒருவரின் மகன் விருதுக்காக அதில் சேர்ந்தான். ஆறு மாதத்துக்கு 26 மணித்தியாலம் காட்டவேண்டும். பையன் ஐந்து வெள்ளிக்கிழமை வந்தான். பிறகு பௌதிக ரியூசன் அந்த நேரத்துக்கு மாறிவிட்டது. தவணை முடிய நண்பர் படிவத்தோடு வந்தார். "அண்ணை, இதில ஒரு கையெழுத்து வைச்சுத் தாங்கோ. பிள்ளை கெட்டிக்காரன், இதால அவன்ர விருது நிண்டு போகக்கூடாது." நான் 26 என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அரை நிமிட வேலை.

மேசையில் கிடந்த நகலை மகள் பார்த்துவிட்டாள். கோபிக்கவில்லை. தன் கொப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "அப்பா, உங்கட ஒஃபிசுக்குக் கணக்காய்வுக்கு வாறவை இந்த ரெண்டையும் பாத்தா என்ன சொல்லுவீங்கள்?"

சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவள் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அவன் வராத நாட்களில் அவனுடைய நான்கு சிறியவர்களை மற்றவர்கள் பிரித்து எடுத்தார்களாம். மூன்று பேர் புதியவரோடு இருந்துவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் அந்த அண்ணாதான் வேண்டும் என்று அடம்பிடித்து, இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு வரவே இல்லை. மெய்யெழுத்தில் பாதியோடு அவள் படிப்பு நின்றது. என் 26 இல் அவள் எங்கேயும் இல்லை.

வணிகம் படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு தெரியும். ஒரு கணக்கில் வரவு வைத்தால் இன்னொரு கணக்கில் செலவு வைக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய ஏட்டைக் கணக்கென்று எவரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் பாடசாலைச் சேவைப் படிவங்களில் கொடுத்தவன் பக்கம் மட்டுமே இருக்கிறது. எத்தனை மணித்தியாலம், எந்தத் திகதி, யார் கையொப்பம். வாங்கியவர் பக்கம் வெறுமை. அந்தப் பக்கத்தைப் பெற்றோர்தான் வீட்டிலே கேட்டு நிரப்ப வேண்டும். "எத்தனை மணித்தியாலம் முடிந்தது?" என்று கேட்பதை விட்டு, "ஆருக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை யோசிக்கத் தொடங்கும். நண்பருக்கு அடுத்த வாரமே தொலைபேசியில் சொன்னேன், அந்தப் படிவத்தைத் திருப்பித் தாருங்கள் என்று. படிவம் பாடசாலைக்குப் போய்விட்டது, இனி அதைக் கிளறாதீர்கள் என்றார். நானும் கிளறவில்லை. என் கையொப்பத்தோடு அது ஏதோ ஒரு கோப்பில் இன்னமும் இருக்கக்கூடும்.

இனி அம்மாவின் குப்பைக்கு வருவோம். 1991 இல் டுபாயில் எமிரேட்ஸ் சுற்றாடல் குழு என்று ஓர் அமைப்புத் தொடங்கப்பட்டது. ஹபிபா அல் மராஷி என்ற அம்மையார் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் தலைவர். பாடசாலைகளில் கடதாசி, பற்றரி, பழைய தொலைபேசி எல்லாம் சேர்க்க வைப்பவர்கள் இவர்கள்தான். நாட்டைத் துப்புரவாக்கும் வருடாந்த இயக்கத்தில் கடற்கரைக்கும் பாலைவனத்துக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோகிறவர்களும் இவர்கள்தான். 1997 முதல் அலுமினியப் பேணி சேர்க்கும் இயக்கமும் நடத்துகிறார்கள். எங்கள் வீட்டுப் பல்கனியில் வருடக்கணக்காகச் சோடாப் பேணிகள் சாக்கில் கிடந்தன. மனைவிக்கு எறும்புத் தொல்லை, எனக்குச் சத்தத் தொல்லை, ஏனென்றால் அவற்றைக் காலால் மிதித்துத் தட்டையாக்க வேண்டும்.

ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு பேணி 14, 15 கிராமுக்கு மேல் இல்லை. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 68 பேணி வேண்டியிருந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று நான் சிரித்தேன். மகள் பாடசாலையில் படித்ததைச் சொன்னாள். மண்ணிலிருந்து எடுத்த தாதுவில் புதிதாக ஒரு தொன் அலுமினியம் உருக்கி எடுக்க 14,000 அலகுக்கு மேல் மின்சாரம் வேண்டும். பழைய பேணியை உருக்கி எடுத்தால் அதில் இருபதில் ஒரு பங்கு போதும். பஹ்ரெயினிலும் டுபாயிலும் பெரிய அலுமினிய உருக்காலைகள் வந்ததே அங்கே எரிவாயு மலிவாகக் கிடைத்ததால்தான். பஹ்ரெயின் ஆலை 1971 இலும் டுபாய் ஜெபல் அலி ஆலை 1979 இலும் உற்பத்தியைத் தொடங்கின. டுபாய் வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் எனக்கு அந்தத் தொடர்பு தெரியாது. பேணி மிதித்த பிள்ளைக்குத் தெரிந்தது.

ஆகவே அம்மா, குப்பை பொறுக்குவது தண்டனை அல்ல. எங்கள் ஊரில் சிரமதானம் என்று கிணறு இறைத்து, வாசிகசாலை வளவு துப்புரவாக்கி, கோவில் வீதி கூட்டியதுதான் இதுவும். வித்தியாசம் ஒன்று இருக்கிறது. டுபாயில் சாதாரண நாட்களில் அந்தக் கடற்கரையைக் கூட்டுகிறவர் ஒரு வங்காளதேசத்தவர் அல்லது நேபாளி அல்லது எம் நாட்டவர். வீட்டில் பணிப்பெண்ணும் கீழே காவலாளியும் வாசலில் வாகனம் கழுவுகிறவரும் இருக்கும் சூழலில் வளரும் பிள்ளை, குனிந்து ஒரு பொருளை எடுப்பதென்பது வேறு யாரோ ஒருவருடைய வேலை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்துவிடும். அங்கே வளரும் பிள்ளைகளைப் பற்றி எனக்கிருந்த பெரிய பயமே அதுதான்.

அந்தப் பயம் 2015 ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஒரு நாள் இன்னும் கூடியது. அவ்வருடம் நோன்பு ஜூன் நடுப்பகுதியில் தொடங்கியது. மாலை ஆறரைக்கும் வெக்கை நாற்பது பாகைக்குக் கிட்ட. அனுமதி பெற்ற ஓர் அறநிறுவனத்தோடு சேர்ந்து தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நோன்பு திறக்கும் உணவுப் பொதி கொடுக்கப் பிள்ளைகள் போனார்கள். பெற்றோர் சிலரும் உடன் சென்றோம். ஆண்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நீல உடுப்புக் கழற்றி, குளித்து, சுத்தமான சறம் உடுத்தி வந்திருந்தார்கள். லொறியின் பின்கதவில் பிள்ளைகள். கீழே யாரோ ஒருவர் கமெராவோடு நின்று, பொதி வாங்கும் ஒவ்வொருவரையும் பொதியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கச் சொன்னார். ஒரு வயதானவர் முகத்தைத் திருப்பினார். அவரை மறுபடி திரும்பச் சொன்னார்கள். அவர் திரும்பினார்.

எனக்கு 1995 வந்துவிட்டது. அவ்வருடம் ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்ததை நம் நேயர்களில் பலர் நடந்தே அறிவார்கள். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஏழு குடும்பத்தோடு நாங்கள் இருந்தோம். நான் பட்டம் முடித்த இளைஞன். வீட்டிலே எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட என் அம்மா சட்டியோடு வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. கஞ்சி ஊற்றியவர்கள் அந்தப் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர்கள். அவர்களில் மெலிந்த ஒரு பையன், அகப்பையை எடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டான். சட்டியைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, வீட்டில எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்பான். முகாமில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. வீட்டில் என்றான். எம் வீடு அப்போது இருந்ததா இல்லையா என்றே தெரியாது. அம்மா கடைசி வரை அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவனுக்கு எந்தப் படிவமும் கிடையாது, எவரும் கையொப்பமிட்டிருக்கவும் மாட்டார்கள்.

அன்று இரவு காரில் வரும்போது மகளுக்கு இதைச் சொன்னேன். முகாம் வாழ்க்கை பற்றி அதுவரை நான் அவளோடு கதைத்ததே இல்லை. பிள்ளைக்கு ஏன் வீண் பாரம் என்று நினைத்திருந்தேன். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீங்கள் லைனில நிண்டனீங்களா அப்பா?" என்று கேட்டாள். நின்றேன் என்றேன். அடுத்த வருடம் அவர்கள் குழுவில் கமெரா வரவில்லை. பொறுப்பாசிரியையிடம் அவளும் இரண்டு தோழிகளும் போய்க் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியை நல்லவர், உடனே ஒத்துக்கொண்டார். நேயர்களே, எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க எங்களிடம் இருக்கும் ஓர் அறிவு இது. வாங்கும் கை எப்படி இருக்கும் என்று எமக்குத் தெரியும். அதை மறைத்து வைத்துக்கொண்டு பிள்ளையைச் சேவைக்கு அனுப்புகிறோம்.

படம் பற்றிச் சட்டமும் இருக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஒருவருடைய சம்மதமின்றி அவரைப் படமெடுத்து இணையத்தில் போடுவது இணையக் குற்றச் சட்டத்தின் கீழ் வழக்குக்கு உரியது. 2012 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது, 2021 இல் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. பிள்ளையின் முகப்புத்தகத்தில் தொழிலாளியின் முகம் போகுமுன் இரண்டு தரம் யோசியுங்கள்.

காசு சேர்ப்பது இதைவிடப் பாரதூரம். கிளிநொச்சிப் பாடசாலைக்குக் காசு சேர்க்கப் போகும் மருமகனுக்கு இந்தப் பகுதியை அவசியம் வாசித்துக் காட்டுங்கள். டுபாயில் 2015 ஆம் ஆண்டின் ஆணையின்படி அரசின் அனுமதி இல்லாமல் நன்கொடை சேர்க்கவோ, சேர்ப்பதாக விளம்பரம் செய்யவோ முடியாது. 2021 இல் முழு நாட்டுக்குமாக நன்கொடைச் சட்டம் வந்தது. அனுமதி பெற்ற அமைப்பு மட்டுமே சேர்க்கலாம், தனி ஆட்கள் சேர்க்க முடியாது. நோக்கம் நல்லது என்பது அங்கே பதிலாகாது. 2016 இல் ஆப்கானிஸ்தான் அகதிகளுக்கு உதவும் ஒரு நிதி சேகரிப்பின் இணைப்பை முகப்புத்தகத்தில் பகிர்ந்த ஒரு வெளிநாட்டவர் டுபாயில் கைதானார். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்தி. வட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் ஆளுக்கு நூறு திர்ஹம் போடுவோம்" என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை எழுதினால், அந்தச் சுமை தகப்பனின் விசாவில் வந்து விழலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாங்களும் உணர்ச்சிவசப்பட்டு உண்டியலோடு புறப்பட்டவர்கள்தான். விசயம் தெரிந்த ஒருவர் மறித்து, உடுப்பும் உலர் உணவும் சேர்த்து அனுமதி உள்ள அமைப்பிடம் ஒப்படைக்கச் செய்தார். காசு கொடுக்க விரும்பியவர்கள் செம்பிறைச் சங்கத்திடம் நேரே கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினார்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசு கிளிநொச்சிக்குப் போனாலும் ஒன்றுதான், கிணற்றுக்குள் போனாலும் ஒன்றுதான் என்பது என் தொழில் அபிப்பிராயம்.

தொண்டுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 2018 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம். தொண்டர் 18 வயது நிறைந்தவராக இருக்கவேண்டும், அதற்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். பாடசாலையிலிருந்து வரும் சம்மதப் படிவத்தை வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். எந்த அமைப்பு, எந்த இடம், யார் பொறுப்பு, வாகனம் எது என்று அதில் இருக்கவேண்டும். கோடையில் என்றால் நேரத்தையும் பாருங்கள். ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று தொழிலாளருக்கே தடை இருக்கும் நாடு அது.

அனுமதி உள்ள வாசல்கள் குறைவில்லை. டுபாயில் 1981 இல் தொடங்கிய அல் நூர் நிலையம் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கானது. அதன் குடும்பக் களியாட்ட விழாவுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் தொண்டர்களாகப் போவது வழக்கம். 2007 இல் தொடங்கிய டுபாய் கெயார்ஸ் அமைப்பு, வறிய பிள்ளைகளுக்கான பாடசாலைப் பொருட்களைப் பொதி செய்யத் தொண்டர்களை அழைக்கிறது. 2019 மார்ச்சில் அபுதாபியில் நடந்த விசேட ஒலிம்பிக் உலகப் போட்டிக்கு ஏறத்தாழ 20,000 தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். 2023 ஒக்ரோபரில் காசா மக்களுக்காக அபுதாபியிலும் டுபாயிலும் சார்ஜாவிலும் நிவாரணப் பொதி கட்டியபோது குடும்பம் குடும்பமாகச் சிறு பிள்ளைகளோடு போய் வரிசையில் நின்று கட்டினார்கள். அங்கே போய்வந்த எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "மாமா, பெட்டிக்குள்ள சவர்க்காரம் வைக்கேக்க எங்கட அம்மம்மா சொன்ன கதைதான் ஞாபகம் வந்தது" என்றாள். பஹ்ரெயினில் 1999 முதல் இயங்கும் இந்தியச் சமூக நிவாரண நிதியம் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பெரிய சித்திரப் போட்டி வைத்து, அதில் கிடைப்பதைக் குறைந்த சம்பளத் தொழிலாளர் இறந்தால் அவர்களின் குடும்பத்துக்கு உதவும் நிதிக்குக் கொடுக்கிறது. கோடையில் வேலைத்தளங்களுக்குத் தண்ணீரும் பழமும் கொண்டுபோகும் திட்டமும் அவர்களுக்கு உண்டு.

எல்லாம் படிவத்தோடும் நடப்பதில்லை. 2024 ஏப்ரல் 16 ஆம் திகதி அங்கே கொட்டிய மழை, 1949 இல் பதிவு தொடங்கியதிலிருந்து எப்போதும் காணாதது. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. சார்ஜாவில் எங்கள் பழைய பக்கமெல்லாம் நாட்கணக்கில் தண்ணீர். மாடிக் கட்டடங்களில் மின்சாரம் இல்லை, மின்தூக்கி இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் உணவும் போத்தல் தண்ணீரும் கொண்டுபோய்ப் படிக்கட்டால் ஏற்றினார்கள். என் தங்கை மகன் அப்போது பதினோராம் வகுப்பு. பாடசாலை வகுப்புகள் இணையத்துக்கு மாறியிருந்தன. அவர்கள் கட்டடத்தில் பதினான்காம் மாடியில் தனியாக இருந்த ஒரு மலையாளத் தம்பதிக்கு நான்கு நாள் தண்ணீர் சுமந்திருக்கிறான். ஐந்தாம் நாள் எனக்கு அழைத்தான். "மாமா, இதை சேர்விஸ் ஹவர்ஸா போடலாமோ? ஆரிட்டக் கடிதம் வாங்கிறது?" எந்த அமைப்பும் அதில் இல்லை, ஆகவே யாரும் கடிதம் தரமாட்டார்கள், விடு என்றேன். சிரித்துவிட்டு வைத்தான். மறுநாளும் ஏறினான் என்று தங்கை சொன்னாள்.

கடைசியாக, இங்கே வரப்போகிறவர்களின் கேள்வி. ஒன்ராறியோவில் 1999 இல் ஒன்பதாம் வகுப்புத் தொடங்கியவர்களிலிருந்து, உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழுக்கு 40 மணித்தியாலச் சமூகச் சேவை வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. வெளிநாட்டிலிருந்து இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு எவ்வளவு மிச்சம் என்பதை இங்குள்ள அதிபரே முடிவு செய்வார். அவர் முடிவு செய்யக் கடதாசி வேண்டும். கட்டாரைவிட்டு வருமுன்னரே பாடசாலையின் கடிதத்தாளில் ஆங்கிலத்தில் என்ன சேவை, எந்த அமைப்பு, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எத்தனை மணித்தியாலம், பொறுப்பாளரின் பெயர், தொலைபேசி எல்லாம் எழுதி ஒப்பமும் முத்திரையும் வாங்கி வாருங்கள். விருதுச் சான்றிதழ், நாட்குறிப்பு இருந்தால் அவையும். வந்த பின் அங்கிருந்து எடுப்பது பெரும்பாடு. ஆசிரியர்களும் விசாவில் இருப்பவர்கள், இரண்டு வருடத்தில் வேறு நாட்டில் இருப்பார்கள். எழுதும் மணித்தியாலம் செய்த மணித்தியாலமாக இருக்கட்டும். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இந்த உரை ஒலிபரப்பான பிறகு ஸ்காபரோ அம்மா மறுபடி அழைத்தார். கோபம் இல்லை. பேத்தியோடு வீடியோவில் கதைத்தாராம். என்னத்தையடி பொறுக்கினாய் என்று கேட்டாராம். "பழைய மீன் வலைத் துண்டுதானாம் தம்பி கூட. மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்குமாம், ஆமையின்ர கழுத்தில சிக்குமாம். இழுக்க வராதாம், வெட்ட ஒண்டும் கொண்டுபோகேல்லையாம். அடுத்த முறைக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கிக் குடடா எண்டு மகனுக்குச் சொல்லியிருக்கிறன்."